வேலையை விடலாமா என்று கணக்குப் போட்ட ஆறு மாதம்

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். ரயில் வந்தது, கதவு திறந்தது, பக்கத்தில் நின்றவர்கள் ஏறினார்கள், கதவு மூடியது. நான் ஏறவில்லை. ஏறக்கூடாது என்று முடிவெடுத்து நிற்கவில்லை, கால் நகரவில்லை, அவ்வளவுதான். அடுத்த ரயிலும் அப்படியே போனது. மூன்றாவதில் ஏறிவிட்டேன். ஏழு மணிக்குள் பள்ளியில் இருந்தேன், கொடியேற்றத்துக்கு என் வகுப்பை வரிசையில் நிற்க வைத்தேன், யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் அன்றைக்குத்தான் முதல் முறையாக 'இந்த வேலையை விட்டுவிடலாமா' என்று முழு வாக்கியமாக எனக்குள் சொல்லிப் பார்த்தேன்.

அப்போது நான் ஆசிரியராகிப் பத்து வாரம்கூட ஆகவில்லை.

விரும்பாமல் இந்த வேலைக்கு வந்தவள் இல்லை நான். ஐந்து வருடம் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். நல்ல சம்பளம், நல்ல மனிதர்கள். ஆனால் தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற ஆசை பதினான்கு வயதிலிருந்தே இருந்தது. நான் படித்த உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கிடையாது, அதனால் பள்ளி முடிந்ததும் பேருந்து பிடித்து பீட்டி ரோட்டில் உள்ள உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போவோம். பகலெல்லாம் ஆங்கிலத்திலேயே ஓடிவிட்டு மாலையில் ஓர் அறைக்குள் நுழைந்தால் எல்லாரும் தமிழில் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதை நினைத்துக்கொண்டுதான் வேலையை விட்டேன், தேசிய கல்விக் கழகத்தில் 16 மாதம் ஆசிரியர் பயிற்சி படித்தேன், மூன்று ஆண்டு பணியாற்றுவதாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன், ஜனவரியில் வடக்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். அங்கே இருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை.

வெளியில் இருப்பவர்களுக்குத் தமிழாசிரியர் வேலை சுலபமாகத் தெரியும். சீன வகுப்பில் நிறைய பேர், தமிழ் வகுப்பில் பத்தொன்பது பேர்தானே என்பார்கள். பத்தொன்பது பேர் என்பது சரிதான். ஆனால் எங்கள் பள்ளியில் உயர்நிலை ஒன்று முதல் நான்கு வரை எல்லாருக்கும் சேர்த்துத் தமிழாசிரியர்கள் மூன்றே பேர். எண்ணிக்கை குறைவு என்பதால் ஜி2 நிலையில் தமிழ் படிப்பவர்களும் அதைவிடக் கடினமான ஜி3 நிலையில் படிப்பவர்களும் சில நேரம் ஒரே அறையில் இருப்பார்கள், ஒரே மணி நேரத்துக்கு இரண்டு பாடம் தயார் செய்ய வேண்டும். அப்புறம் தாய்மொழிப் பாடவேளை எங்கள் பள்ளியில் எல்லா மொழிக்கும் ஒரே நேரத்தில் வரும். மணி அடித்ததும் பிள்ளைகள் சீனம், மலாய், தமிழ் என்று பிரிந்து ஆளுக்கொரு அறைக்கு ஓடுவார்கள். எனக்குக் காய்ச்சல் வந்து எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, எடுத்தால் அந்த நேரத்தில் மற்ற இரண்டு தமிழாசிரியர்களும் வேறு வகுப்புகளில் இருப்பார்கள். எனக்குப் பதிலாக வருபவர் கணிதமோ அறிவியலோ சொல்லித்தருபவர், அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார், தமிழ் சொல்லித்தர அவரால் முடியாது. ஆகவே நான் ஒரு நாள் படுத்தால் பத்தொன்பது பேருக்கு அன்று தமிழ் இல்லை. பிப்ரவரியில் 38.4 டிகிரி காய்ச்சலோடு இரண்டு நாள் பள்ளிக்குப் போனேன். யாரும் வரச்சொல்லவில்லை. நானாகப் போனேன். இது தவறு என்று இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை.

வியாழக்கிழமை கடைசிப் பாடவேளை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வகுப்பறை போதாததால் அந்த ஒரு பாடம் மட்டும் சமையல் வகுப்பு நடக்கும் அறையில். உயரமான முக்காலிகள், எஃகு மேசைகள், ஒவ்வொரு மேசையிலும் ஒரு தொட்டி, ஒரு குழாய். எங்களுக்கு முன்னால் வேறொரு வகுப்பு அங்கே கேக்கோ ரொட்டியோ செய்துவிட்டுப் போயிருக்கும், அறை முழுக்க வெண்ணெய் வாசனை. காலை ஏழரையிலிருந்து பள்ளியில் இருக்கும், பசியோடு இருக்கும் பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம், அந்த வாசனைக்கு நடுவில், வேற்றுமை உருபு சொல்லித்தர வேண்டும். நான் பலகையில் எழுதத் திரும்பியதும் ஏதோ ஒரு குழாய் திறக்கும். திரும்பிப் பார்த்தால் யாரும் திறக்கவில்லை. மறுபடி எழுதத் திரும்பினால் இன்னொரு குழாய். இரண்டாம் மாதம் ஒரு வியாழக்கிழமை நான் கத்தினேன், என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். அவள் எதுவும் செய்யவில்லை. அந்தக் குனிந்த தலை இன்னும் கண்ணில் நிற்கிறது.

இதற்கு மேல் வகுப்பாசிரியர் பொறுப்பு, இணைப்பாட நடவடிக்கை, ஏப்ரலில் தமிழ்மொழி மாதம், குழுக் கூட்டங்கள். அப்புறம் கைப்பேசி. ஜனவரியில் பெற்றோரைச் சந்தித்த முதல் நாளே என் சொந்த எண்ணைக் கொடுத்துவிட்டேன். கொடுக்க வேண்டியதில்லை என்று எனக்குத் தெரியும். ஆசிரியர்கள் சொந்த எண்ணைப் பெற்றோருக்குக் கொடுக்கத் தேவையில்லை, பள்ளி நேரத்துக்குப் பிறகு வரும் அவசரமில்லாத செய்திகளுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று 2024 செப்டம்பரிலேயே கல்வி அமைச்சு வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் எதிரில் நிற்பது நம் ஆட்கள், நம் அம்மாக்கள், "டீச்சர், உங்க நம்பர் குடுங்க, ஏதாச்சும்னா கேட்டுக்குறேன்" என்று அவர்கள் கேட்கும்போது எப்படி இல்லை என்பது? இரவு பத்தே முக்காலுக்கு எழுத்துப் பயிற்சி எத்தனை பக்கம் என்று செய்தி வரும். ஞாயிறு காலை, மகன் சாப்பிடமாட்டேன் என்கிறான், நீங்கள் சொன்னால் கேட்பான் என்று செய்தி வரும். அன்பாகத்தான் அனுப்புகிறார்கள். அன்பாக வந்தாலும் கைப்பேசி அதிரும்போது எனக்கு வயிற்றில் ஏதோ இறுகும்.

பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓஇசிடி பல நாட்டு ஆசிரியர்களிடம் நடத்தும் டாலிஸ் ஆய்வின் 2024ஆம் ஆண்டு முடிவுகளின்படி சிங்கப்பூரில் முழுநேர ஆசிரியர்கள் வாரத்துக்குச் சராசரியாக 47.3 மணி நேரம் வேலை செய்கிறார்கள், ஓஇசிடி நாடுகளின் சராசரி ஏறக்குறைய 41. இதை ஒரு ராத்திரி தூக்கம் வராமல் தேடிப் படித்தேன். முதலில் நிம்மதியாக இருந்தது, எனக்கு மட்டும் இல்லை என்று. ஐந்து நிமிடத்தில் அந்த நிம்மதி போய்விட்டது. எல்லாருக்கும் வலிக்கிறது என்பதால் என் வலி குறையவில்லையே.

யாரிடம் கேட்பது? அப்பாவிடம் சொன்னேன். அப்பா துறைமுகத்தில் 33 வருடம் வேலை பார்த்தவர், இரவு வேலை, பகல் வேலை எல்லாம். அவர் கோபப்படவில்லை. "எனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கான்னு ஒரு நாளும் யாரும் கேட்டதில்ல. நானும் கேட்டுக்கல. அரசாங்க வேலைம்மா, பாத்துக்க," என்றார். அம்மா எதுவும் சொல்லாமல் ரசம் ஊற்றினார். பள்ளியில் 22 வருட அனுபவமுள்ள மூத்த தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார், அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அவரிடம் ஜாடையாகச் சொன்னபோது "முதல் வருஷம் எல்லாருக்கும் இப்படித்தான். ரெண்டாவது வருஷம் சரியாயிடும்" என்றார். நல்ல மனதோடு சொன்னார். ஆனால் இதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், இரண்டாவது வருடம் சரியாகிவிடும் என்பது முதல் வருடத்தில் இருப்பவருக்கு எந்த உதவியும் செய்யாது. இன்னும் முப்பது வாரம் இருக்கிறது என்பதைத்தான் அது நினைவுபடுத்தும்.

எல்லாவற்றையும்விட என்னைக் கட்டிப்போட்டது வேறொன்று. தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது அப்பாவின் பழைய நண்பர் ஒருவர் பார்த்துவிட்டார். அப்பா ஏற்கெனவே அவரிடம் புலம்பியிருக்கிறார் போல. "என்னம்மா, விடப்போறியாமே? தமிழ் சொல்லிக்குடுக்கவே ஆளு இல்ல. நீயும் போயிட்டா பிள்ளைங்க எங்க போவும்?" என்றார். கையில் முருங்கைக்காயோடு நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரில் வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு, ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு. எங்கள் பள்ளித் தாழ்வாரத்தில் 'தமிழை நேசிப்போம், தமிழில் பேசுவோம்' என்று ஒட்டியிருக்கிறது. அதைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் விலகல் கடிதம் எழுதினால் ஒரு மொழிக்கே துரோகம் செய்வது போலத் தோன்றும். வேறு பாட ஆசிரியருக்கு இந்தப் பாரம் இருக்காது என்று நினைக்கிறேன். கணிதம் சொல்லிக்கொடுப்பவர் வேலையை விட்டால் கணிதத்துக்கு எதுவும் ஆகாது.

இதை நான் ரொம்ப நாள் யோசித்தேன், இப்போது என் முடிவு இதுதான்: மொழியைக் காட்டி ஒருவரை வேலையில் நிறுத்தி வைப்பது தவறு. உடம்பும் மனமும் உடைந்த ஓர் ஆசிரியர் வகுப்பில் நின்று கத்திக்கொண்டிருப்பதால் தமிழ் வளராது. அந்தப் பிள்ளைகள் தமிழ் என்றாலே அந்தக் கத்தலைத்தான் நினைப்பார்கள். நான் கத்தியபோது தலை குனிந்த அந்தப் பெண் பிள்ளைக்குத் தமிழ் அன்றைக்கு எப்படி இருந்திருக்கும்?

என்னோடு படித்த தோழி ஒருத்தி தொடக்கப்பள்ளியில் சேர்ந்து எட்டாவது மாதம் விலகிவிட்டாள். ஒப்பந்தக் காலம் முடியுமுன் விலகினால் கட்ட வேண்டிய இழப்பீட்டைக் கட்டினாள். இப்போது மொழிபெயர்ப்பு வேலை செய்கிறாள். மே மாதம் அவளைப் பார்க்கப் போனேன், செங்காங்கில் அவள் வீட்டுக்குக் கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினோம். அவள் சொன்ன ஒன்று எனக்கு எல்லாவற்றையும் வேறு மாதிரி பார்க்க வைத்தது. "பிள்ளைங்க முன்னாடி நிக்கும்போதுதான்டி எனக்கு மோசமா இருக்கும். வகுப்பு முடிஞ்சா சரியாயிடும். காலையில பல் தேய்க்கும்போதே குமட்டும். லீவு நாள்ல நல்லா இருப்பேன்," என்றாள். நான் தேநீரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். எனக்கு அப்படி இல்லையே. எனக்கு ஞாயிறு ராத்திரி மோசம், ரயில் நிலையம் மோசம், கைப்பேசி மோசம். ஆனால் வகுப்புக்குள் போய் நின்று, அந்த வியாழக்கிழமையை விட்டுவிட்டால், பத்து நிமிடத்தில் களைப்பையே மறந்துவிடுகிறேன். அவள் விட்டது அவளுக்குச் சரி, முழுக்கச் சரி. அவளை யாராவது பொறுமை இல்லாதவள் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆனால் எனக்கும் அவளுக்கும் நோய் வேறு. அது வரை நான் இரண்டையும் ஒன்றாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு வேலை செய்தேன்.

முதல் வேலை, பணக்கணக்கு. ஐந்து வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவள், இந்த ஒரு கணக்கை மட்டும் போடாமல் பயந்துகொண்டே இருந்திருக்கிறேன். ஒப்பந்தத்தை எடுத்து, இன்று விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று பார்த்தேன். ஐந்து இலக்கத் தொகை. பெரிய தொகைதான். ஆனால் பணியாற்றும் மாதம் கூடக்கூட அது குறைகிறது. என் சேமிப்பு எவ்வளவு, மாதம் எவ்வளவு ஒதுக்க முடியும் என்று பக்கத்தில் எழுதினேன். எழுதி முடிக்கும்போது அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார், தாளைப் பார்த்தார், கண்ணாடியை எடுத்துவந்து மறுபடி பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அறைக்குப் போய் அவருடைய வங்கிப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "கொறையறத நான் போடுறேன். ஒடம்ப கெடுத்துக்காத," என்றார். அரசாங்க வேலை பாத்துக்க என்று சொன்ன அதே அப்பா.

அந்தப் பணத்தை நான் வாங்கவில்லை. வாங்கப்போவதுமில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி பல வாரங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். விட முடியாது, மாட்டிக்கொண்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவரை இந்த வேலையில் எனக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று பிரித்துப் பார்க்கவே முடியவில்லை, எல்லாமே சிறை மாதிரி இருந்தது. விடலாம், கஷ்டப்பட்டாவது விடலாம் என்று தெரிந்த பிறகுதான் நிதானமாகப் பார்க்க முடிந்தது. இதே நிலைமையில் இருக்கும் யாராவது என்னிடம் கேட்டால் முதலில் இந்தக் கணக்கைத்தான் போடச் சொல்வேன். தொகை பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை, எண்ணாக எழுதிப் பாருங்கள். தெரியாத எண்ணுக்குத்தான் பயம் அதிகம்.

இரண்டாவது வேலை, ஒரு 555 நோட்டு. மளிகைக் கடையில் கடன் எழுதிவைப்பார்களே, அதே சின்ன நோட்டு. மூன்று வாரம் நான் செய்த ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதினேன். நெஞ்சு இறுகினால் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன். நோட்டு சட்டைப்பைக்குள் அடங்கும், யாருக்கும் தெரியாது.

வாரத்துக்குச் சராசரியாக 55 மணி நேரம் வந்தது. அதில் பாடம் நடத்தியது 13 மணி நேரம்தான். திருத்துவது 9, பாடம் தயாரிப்பது 11, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. பெற்றோர் செய்திகளுக்கு 5. நிகழ்ச்சிக் குழு வேலை 6. மிச்சம் வகுப்பாசிரியர் வேலை, இணைப்பாட நடவடிக்கை, கூட்டங்கள். எண்கள் எனக்கு அதிர்ச்சியாக இல்லை. அதிர்ச்சி புள்ளிகளில் இருந்தது. திருத்தும் வேலைதான் என்னைக் கொல்கிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், ஆனால் திருத்திய 9 மணி நேரத்துக்குப் பக்கத்தில் ஏறக்குறைய புள்ளியே இல்லை. கட்டுரை திருத்தும்போது நான் அமைதியாக இருக்கிறேன். ஒரு பிள்ளை போன மாதம் 'மனம்' என்பதை மூன்று சுழி ண போட்டு எழுதினான், இந்த மாதம் சரியாக எழுதியிருக்கிறான் என்று பார்க்கும்போது சின்னதாகச் சந்தோஷப்படுகிறேன். புள்ளிகள் எல்லாம் மூன்று இடத்தில் குவிந்திருந்தன: ஞாயிற்றுக்கிழமைத் தயாரிப்பு, கைப்பேசி, வியாழன் கடைசிப் பாடவேளை. மூன்றையும் சேர்த்தால் வாரத்தில் 17 மணி நேரம். 55இல் 17. மிச்சம் 38 மணி நேரம் எனக்குப் பிடித்த, அல்லது தாங்கக்கூடிய வேலை.

இந்த இடத்தில் என் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஆனால் எச்சரிக்கையோடு சொல்ல வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை அந்தச் சமையல் அறையில் வாய்மொழித் தேர்வுக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தோம். ஒரு காணொளி: ரயிலில் ஒரு முதியவர் நிற்கிறார், முன்னுரிமை இருக்கையில் ஓர் இளைஞர் கைப்பேசி பார்த்துக்கொண்டிருக்கிறார். பையனுக்கு விஷயம் எல்லாம் புரிகிறது, சொல்ல வார்த்தை வரவில்லை, ஆங்கிலத்துக்குப் போய்ப் போய் நிற்கிறான். நான் கேட்டேன், "தேர்வை மறந்துடு. வீட்ல உன் தாத்தா நிக்கிறாருன்னு வச்சுக்க. என்ன சொல்லுவே?" உடனே, ஒரு தடுமாற்றமும் இல்லாமல், "தாத்தா, இங்க வந்து உக்காருங்க, கால் வலிக்கும்" என்றான். அந்த 'கால் வலிக்கும்' அவ்வளவு இயல்பாக வந்தது. நான் சந்தோஷத்தில் "பார்த்தியா, இவ்வளவு நல்லா பேசுற! தினமும் தாத்தாகூட பேசு" என்றேன். அவன் குழாயின் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டே, "தாத்தா போன வருஷம் இறந்துட்டாரு மிஸ். அதுக்கப்புறம் வீட்ல யாரும் தமிழ் பேசுறதில்ல," என்றான்.

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொன்னேன்.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: "பாத்தியா, இதுக்காகவே நீ இருக்கணும்." இல்லை. இதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஒரு பிள்ளை என் மனதைத் தொட்டான் என்பது உண்மை, நான் தூக்கமில்லாமல் இருந்தேன் என்பதும் உண்மை, ஒன்று இன்னொன்றை அடித்துவிடாது. என் தோழியின் வகுப்பிலும் இப்படிப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். ஆசிரியர்களை நிறுத்திவைக்க எல்லாரும் பிள்ளைகளைத்தான் காட்டுகிறார்கள், ஆசிரியர்களும் அதற்கு இளகி இளகித்தான் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். அவன் எனக்கு ஒரே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கினான்: அந்தக் கேள்வியை நான் சரியாகக் கேட்டேன். தாத்தாவிடம் எப்படிச் சொல்வாய் என்று கேட்கலாம் என்று யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. எனக்கு இந்த வேலை தெரியும், அல்லது தெரிய ஆரம்பித்திருக்கிறது. தெரியாத வேலையை விடுவது வேறு, தெரிய ஆரம்பித்த வேலையை விடுவது வேறு.

ஜூன் விடுமுறைக்கு முந்தைய வாரம் அந்த 17 மணி நேரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். முதலில் அக்காவிடம். ஒவ்வொரு ஞாயிறும் எல்லாப் பாடத்தையும் முதலிலிருந்து நானே தயாரிக்கிறேன், பழைய பாடங்கள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் தன் கணினியைத் திறந்து பத்து வருடப் பாடங்கள் இருந்த ஒரு கோப்புறையை எனக்கு அனுப்பினார். "கேட்டிருந்தா முதல் நாளே குடுத்திருப்பேனே. ஏம்மா கேக்கல?" என்றார். ஏன் கேட்கவில்லை? புதிதாக வந்தவள், எல்லாம் தெரிந்தவள் போல இருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஐந்து மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின.

அப்புறம் துறைத்தலைவர். அவரோடு எனக்கு முன்பே ஒரு கசப்பு இருந்தது, வகுப்பைக் கவனிக்க வந்துவிட்டு மற்றவர்கள் முன்னால் கடுமையாகப் பேசியிருந்தார். அதனால் புகாராகச் சொல்லாமல் எண்ணாகச் சொன்னேன், நோட்டைத் திறந்து காட்டினேன். மூன்று கேட்டேன். நிகழ்ச்சிக் குழு ஒன்றிலிருந்து விடுவித்தார். கைப்பேசி விஷயத்தில், பெற்றோருக்குப் பள்ளி வழியாக ஒரு கடிதம் அனுப்பவும், இனிமேல் பள்ளி மின்னஞ்சலில் தொடர்புகொள்ளச் சொல்லவும் உடனே ஒத்துக்கொண்டார், சொல்லப்போனால் ஏன் எண்ணைக் கொடுத்தாய் என்று அவர்தான் கேட்டார். வியாழக்கிழமை அறையை மட்டும் மாற்ற முடியாது, இந்த ஆண்டு கால அட்டவணையில் இடமில்லை என்றார். மூன்றில் இரண்டு. மூன்றில் பூஜ்யம் கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி முடிந்திருக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. கேட்டும் எதுவும் மாறாத இடத்தில் இருப்பவர்களுக்கு என்னால் இருங்கள் என்று சொல்ல முடியாது.

விடுமுறையில் முதல் இரண்டு வாரம் எதையும் முடிவு செய்யவில்லை, களைப்பில் எடுக்கும் முடிவை நான் நம்பவில்லை. மூன்றாம் வாரம், ஒரு புதன்கிழமை, நூலகத்தில் உட்கார்ந்து, இந்த ஆண்டு விலகப்போவதில்லை என்று முடிவு செய்தேன். அப்பாவிடம் சொன்னேன். "சரி," என்றார். வங்கிப் புத்தகத்தை அம்மா உள்ளே எடுத்து வைத்தார்.

ஆனால் சேமிப்பை நிறுத்தவில்லை. ஒவ்வொரு மாதமும் சம்பளம் வந்ததும் ஒரு தொகை தனிக் கணக்குக்குப் போகிறது. ஒரு பக்கம் நான் கட்ட வேண்டிய இழப்பீடு இறங்குகிறது, இன்னொரு பக்கம் சேமிப்பு ஏறுகிறது, இப்போதைய கணக்கில் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இரண்டும் சந்திக்கும். அன்றைக்கு யாரிடமும் கையேந்தாமல் விலகலாம். விலகுவேனா என்று கேட்டால் தெரியாது. அந்த மாதம் மறுபடி ஒரு 555 நோட்டு வாங்கி மூன்று வாரம் எழுதிப் பார்ப்பேன். புள்ளிகள் வகுப்புக்குள் வர ஆரம்பித்திருந்தால், என் தோழிக்கு வந்த மாதிரி, போய்விடுவேன். அந்த அடையாளம் எனக்குப் போதும்.

இந்தப் பருவத்தில் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கின்றன, முழுதாக இல்லை, மதியம் மூன்று மணி வரை. கைப்பேசி ராத்திரியில் அதிரவில்லை. இரண்டு பெற்றோர் கொஞ்சம் வருத்தப்பட்டார்கள், அவர்களிடம் நேரில் பேசினேன். ஒரே ஒரு நாள் எம்சி எடுத்தேன், பிள்ளைகள் அன்று தமிழ் இல்லாமல் இருந்தார்கள், மறுநாள் நான் போனேன், பாடம் தொடர்ந்தது.

வியாழக்கிழமை அறை மாறவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த எஃகு மேசைகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஏன் இதோடு சண்டை போடுகிறோம் என்று தோன்றியது. அடுத்த வாரம் வெங்காயம், ஒரு பிளாஸ்டிக் கத்தி, ஒரு பானை, ஒரு தட்டு கொண்டுபோனேன். வெங்காயத்தை நறுக்கு. கத்தியால் நறுக்கு. பானையில் போடு. தட்டிலிருந்து எடு. தம்பிக்குக் கொடு. ஒவ்வொரு மேசையும் ஒரு சமையல் குறிப்பைத் தமிழில் சொல்ல வேண்டும், மற்ற மேசைக்காரர்கள் உருபைப் பிடித்து எழுத வேண்டும். சத்தம், சரியான சத்தம், பக்கத்து அறையிலிருந்து ஓர் ஆசிரியர் எட்டிப் பார்த்தார். ஒரு பிள்ளை 'கத்தியோடு நறுக்கு' என்று சொல்ல, இன்னொருத்தி "கத்திகூட சேர்ந்து நீயும் நறுக்குறியா?" என்று கேட்க, 'ஆல்' எங்கே, 'ஓடு' எங்கே என்று அவர்களே ஐந்து நிமிடம் வாதாடினார்கள். நான் முக்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். குழாய் ஒரு தடவை திறந்தது. அது வெங்காயம் கழுவ.

அந்தப் பையன் ரசம் வைக்கும் முறையைச் சொன்னான். தாத்தா சொல்லித்தந்ததா என்று நான் கேட்கவில்லை.

நாளை வியாழன். புளியும் கொஞ்சம் மிளகும் வாங்கி வைத்திருக்கிறேன்.